பெரியவர் விட்டுச் சென்ற பட்டியல்

செங்கல்பட்டில் எங்கள் பங்கு மடலைத் தட்டச்சுச் செய்தோர் மூவர். மூவருக்கும் விசைப்பலகை வேறு. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பெரியவர் பழைய தட்டச்சுப் பொறியின் முறையை விடார். கொம்பை முதலில் தட்டிய பின்னரே எழுத்தைத் தட்டுவார். ஆசிரியை ஒருவர் தமிழ்99 கட்சி: உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. மூன்றாமவரான இளைஞரோ ஆங்கில எழுத்துகளைத் தட்டியே தமிழை வரவழைப்பார். தத்தம் முறையின் நுட்பங்களை மூவரும் நுணுகி அறிந்திருந்தனர். மற்றவர் முறையை ஒருவரும் தொட்டும் பார்த்ததில்லை. ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஆலய முற்றத்தில் வாதம் நடக்கும். நாங்களும் கட்சி பிரிந்தோம். எங்கள் கட்சி பெரியவர் கட்சி.

இது எங்கள் பங்கோடு நின்ற வழக்கன்று. நிறுவனத்திற்கோர் எழுத்துரு என்றிருந்த குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூடிற்று. தமிழ்99 விசைப்பலகையோடு தாம், தாப் என்னும் இரு குறியாக்கங்கள் அங்கே ஏற்கப்பட்டன. இணையத்தில் எழுதிய தமிழர் பலரோ திஸ்கியைக் கைவிடவில்லை. 1991லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், தமிழக அரசு அதனைத் தரமாக ஏற்றது 2010ல்தான்.

பெரியவர் ஒருமுறை எங்களை மாமல்லபுரத்திற்கு வடக்கே சாளுவன்குப்பத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே அதிரணசண்டக் குடைவரையில், ஒரே வடமொழிப் பாடல்களை ஒரு சுவரில் கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் பல்லவர் வெட்டியிருக்கின்றனர். "இருவரும் படிக்கட்டும் என்று நினைத்திருக்கிறான்" என்று வியந்தார். வீடு திரும்பியதும் பழைய விசைப்பலகைக்கே திரும்பினார் என்பது வேறு!

2011ல் அவர் இறைவனடி சேர்ந்தார். மறு ஆண்டு கல்லறைத் திருநாளுக்கென, அவர் பல்லாண்டு தொகுத்திருந்த இறந்தோர் பட்டியலைப் புதிய கணினியில் திறந்தோம். தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும், அவற்றின் தலைமேல் புள்ளியும் கோடுமாய் அறியாத குறிகளும் நிறைந்திருந்தன. கணினி சேமிப்பது எண்களை மட்டுமே. அவ்வெண்களுக்குத் தமிழ் வடிவம் தந்த எழுத்துரு பழைய கணினியோடு போயிற்று. எங்கள் பெற்றோர் பெயர்களும் அக்குறிகளுக்குள் எங்கோ கிடந்தன. பெரியவருக்காக மார்தட்டிய எங்களுக்கோ அந்த எழுத்துருவின் பெயர்கூடத் தெரியாது.

ஆசிரியைதான் பழைய பங்கு மடல்களை விரித்து வைத்து, எக்குறி எவ்வெழுத்து என மூன்று இரவுகள் அட்டவணை எழுதினார். அதைக் கொண்டு இளைஞர் மாற்றுநிரல் ஒன்றை அமைத்தார். ஏகார ஓகாரப் பெயர்கள் மட்டும் குழம்பின. வீரமாமுனிவர் சுழியிட்டுத் தந்த கொம்பல்லவா! யூனிகோடு கொம்பை எழுத்துக்குப் பின்னே வைக்கிறது. அந்தக் கோப்பில் அது முன்னே நின்றது. பெரியவர் தட்டும் முறையை ஆசிரியை நினைவுகூர்ந்தபோதே அது விளங்கிற்று.

நவம்பர் 2 மாலை, கல்லறைத் தோட்டத்தில் பெயர்கள் வாசிக்கப்பட்டன. பட்டியலின் கடைசிப் பெயர் பெரியவருடையது. அதைத் தமிழ்99ல் தட்டிச் சேர்த்தவர் ஆசிரியை.