டாக்டர் வீட்டு பக்கெட்டில் கொசுப்புழு

1/ போன ஐப்பசி மழையில், வீடு வீடாக டெங்கு கொசுப்புழு பார்க்க வர்ற அம்மா எங்க வீட்டுக்கும் வந்தாங்க. பின்பக்க ஷெட்டிலிருந்து குரல். "சார், கொஞ்சம் இங்க வாங்களேன்." போனேன். ஒரு பக்கெட் மேல டார்ச் அடிச்சுக் காட்டினாங்க. உள்ளே அத்தனை புழு நெளியுது. "நீங்களே டாக்டரு. நான் என்னத்த சார் எழுதுறது?"

அன்னைக்குப் பட்ட வெட்கமும், அதுக்கப்புறம் செஞ்ச பெரிய தப்பும்தான் இந்த த்ரெட்.

2/ அது என்ன பக்கெட்? கிளினிக் முடிஞ்சா எனக்கு மரவேலை. கம்ப்யூட்டர் சொல்றபடி மரத்தைச் செதுக்குற சின்ன சிஎன்சி மெஷின் வெச்சிருக்கேன். பலாப் பலகையில பூ வேலை, தஞ்சாவூர் ஓவியத்துக்கு ஃபிரேம், இப்படி. கத்தியைச் சுழற்றுற மோட்டாருக்கு ஸ்பிண்டில்னு பேர். என்னுடையது 2.2 கிலோவாட். நிமிடத்துக்கு 24,000 சுற்று வரை போகும்.

3/ ஓட ஓட அது சூடாகும். ஏர் கூலர்ல ஒரு குட்டி பம்ப் இருக்குமே, அதே மாதிரி ஒண்ணு பக்கெட் தண்ணிக்குள்ள கிடக்கும். தண்ணி டியூப் வழியா ஸ்பிண்டிலுக்குள்ள போய், சூட்டை வாங்கிக்கிட்டு மறுபடி பக்கெட்டுக்கே வரும். அவ்வளவுதான் ஏற்பாடு.

4/ முதல் தப்பு, போர் தண்ணி ஊத்தினது. சில மாசத்துல தண்ணி திரும்பி வர்ற வேகம் குறைஞ்சுது, ஸ்பிண்டில் கை வைக்க முடியாத சூடு. கழற்றினா, வெந்நீர்ப் பாத்திரத்துல படியுமே, அதே வெள்ளைப் படிவு. அது படிஞ்சா உலோகத்தின் சூடு தண்ணிக்குச் சரியா இறங்காது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டருக்கு மாறினேன்.

5/ இரண்டாவது தப்பு, மூடி போடாதது. "இங்க வயக்காட்டுக் கொசு சார், என்ன பண்றது" என்று டெல்டாவில் எல்லோரும் சொல்வோம். நானும் சொல்லியிருக்கேன். நெல் வயலில் அதிகம் வளர்வது க்யூலெக்ஸ் வகை. டெங்கு பரப்பும் ஏடிஸ் வீட்டுக்குள்ளேயும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் சுத்தமான தண்ணியில வளரும். நான் காசு கொடுத்து வாங்கி ஊத்தினதே சுத்தமான தண்ணி!

6/ நம்ம வெயிலுக்கு முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டையைத் தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, பாத்திரச் சுவரில் ஒட்டி வைக்கும். காய்ஞ்சாலும் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால தண்ணியைக் கொட்டினா மட்டும் போதாது, சுவரைத் தேய்ச்சுக் கழுவணும். உங்க வீட்டு ஏர் கூலருக்கும் இதேதான்.

7/ மூன்றாவது தப்புதான் பெரிசு. மெஷின் வீடியோக்களில் வெளிநாட்டுக்காரங்க கார் கூலண்ட் ஊத்துவாங்க. புழுவும் வராது, பாசியும் வராதுன்னு நானும் வாங்கி ஊத்தினேன். பளபளன்னு பச்சை நிறம். மூடி மட்டும் அப்பவும் போடலை.

8/ ஒரு ஞாயித்துக்கிழமை. வீட்டு வேலைக்கு வர்ற அக்காவோட மூணு வயசுப் பொண்ணு எனக்குப் பின்னாலேயே ஷெட்டுக்குள்ள வந்திருக்கு. திரும்பிப் பார்க்கிறேன், பக்கெட்டில் முக்கின கையை வாய்க்குக் கொண்டு போகுது. "தாத்தா, ஜூஸ்." பாய்ஞ்சு கையைப் பிடிச்சேன். வாய்க்குப் போகலை. குழாயடியில் கையைக் கழுவிவிடும்போது என் கைதான் நடுங்கிச்சு.

9/ ஏன் நடுக்கம்? பெரும்பாலான கூலண்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிக்கும். குடிச்ச முதல் சில மணி நேரம் போதை மாதிரி தள்ளாட்டம்தான் தெரியும். அதுக்குள்ள கல்லீரல் அதை அமிலமாக மாற்றும். கடைசியில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் சிறுநீரகத்தை அடைக்கும். 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் இறந்தாங்களே, அந்த மருந்தில் இருந்த டைஎத்திலீன் கிளைக்கால் இதுக்கு நெருங்கின சொந்தம்.

யாராவது குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. "நல்லாத்தானே இருக்கு"ன்னு காத்திருக்காதீங்க. பாட்டிலையும் எடுத்துக்கிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரி. மாற்று மருந்தும் டயாலிசிஸும் சீக்கிரம் கிடைச்சா காப்பாத்தலாம்.

10/ இதுல வேடிக்கை என்னன்னா, கிளைக்கால் நமக்குத் தேவையே இல்லை. பனி உறையும் ஊர்ல தண்ணி கட்டியாகி டியூப் வெடிக்காம இருக்க ஊத்துறாங்க. தஞ்சாவூர் மார்கழியில எந்தத் தண்ணி உறையுது? சூட்டைத் தாங்கி எடுத்துட்டுப் போறதிலும் வெறும் தண்ணிதான் கிளைக்கால் கலவையை விட மேல்.

11/ இப்போ நான் செய்றது:

• இறுக்கமான மூடி போட்ட கறுப்பு டிரம். டியூப் நுழைய மட்டும் ஓட்டை, அதிலும் இடைவெளி இல்லாம அடைச்சிருக்கேன். வெளிச்சம் இல்லேன்னா பாசியும் குறைவு.
• வெறும் டிஸ்டில்டு வாட்டர். மூணு மாசத்துக்கு ஒருமுறை மாத்தி, சுவரைத் தேய்ச்சுக் கழுவுறேன்.
• தண்ணி 20 லிட்டர். ஸ்பிண்டில் 300 வாட் சூடு தள்ளினா, ஒரு மணி நேரத்தில் தண்ணி சுமார் 13 டிகிரி ஏறும். சித்திரை வெயிலில் அதனால மதியம் ஓட்டுறதில்லை.
• ஐஸ் போடுறதில்லை. நம்ம ஊர் ஈரக்காத்துக்கு ஸ்பிண்டில் வேர்த்து, பேரிங் துருப்பிடிக்கும்.
• பம்ப் லைனுக்கு எர்த்தும் ஈஎல்சிபியும் உண்டு. தண்ணியில கை வைக்கும் முன்னாடி பிளக்கைப் பிடுங்கிடுவேன்.

12/ பழைய கூலண்டைச் சாக்கடையில் ஊத்தலை. எங்க சாக்கடை வாய்க்காலில் சேருது, அங்க மாடு தண்ணி குடிக்கும். கேன்ல அடைச்சு, லேபிள் ஒட்டி, கார் மெக்கானிக்கிட்ட கொடுத்துட்டேன்.

13/ அந்த அம்மா போன வாரம் மறுபடி வந்தாங்க. நேரா ஷெட்டுக்குத்தான் போனாங்க. மூடியைத் திறந்து டார்ச் அடிச்சாங்க. "இப்ப சரி சார்"ன்னு கார்டில் எழுதிட்டுப் போனாங்க. உங்க வீட்டுப் பின்பக்கத்துலயும் இன்னைக்கு ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாத்துடுங்க.