ஏற்காடு ஏற்றக் குறிப்புகள்

பிப்ரவரி 8, சனி

பக்கத்து வீட்டுக் கொத்தனார் அண்ணனிடம் ஒரு மீட்டர் நீள ரசமட்டத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு அடிவாரம் போனேன். சாலையோரம் ஏற்றத்தின் போக்கில் அதை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை கீழ்முனையைத் தூக்கினேன். தாருக்கும் முனைக்கும் இடைவெளி 6 சென்டிமீட்டர். நூற்றுக்கு ஆறு, ஆக, சரிவு 6 சதவீதம். மலைச்சாலைகளுக்கு இந்தியச் சாலைப் பேராயம் பொதுவாக வைத்திருக்கும் அளவும் 5 முதல் 6 சதவீதம்தான்.

கொண்டை ஊசி வளைவில் கதை வேறு. வெளிவிளிம்பில் 5 காட்டிய ரசமட்டம் உள்விளிம்பில் 11 காட்டியது. ஏற வேண்டிய உயரம் ஒன்றே, உள்ளே தூரம் குறைவு. இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் மூச்சு முட்டுவதன் காரணம் இதுதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை 6 மணிக்கு ஏறத் தொடங்கினேன். ஹேண்டில்பாரில் இருக்கும் சைக்கிள் கம்ப்யூட்டர் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்கிறது. ஏறத்தாழ 9 மீட்டருக்கு ஒரு மில்லிபார் குறையும். இறங்கி, கிளம்பிய அதே மைல்கல்லுக்கு 10 மணிக்கு வந்தபோது 14 மீட்டர் குறைத்துக் காட்டியது. கருவியில் பழுதில்லை. நம் பக்கத்தில் காற்றழுத்தம் தினமும் அதிகாலை 4 மணி வாக்கில் தாழ்ந்து, 10 மணி வாக்கில் உச்சம் தொடும். காலையில் மலையேறுபவர் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நானும் சைக்கிளும் தண்ணீரும் சேர்த்து 85 கிலோ. ஞாயிறன்று சீரான பகுதியில் 10 நிமிடத்துக்கு 100 மீட்டர் உயரம் ஏறினேன். 85 × 9.81 × 100, அதை 600 விநாடியால் வகுத்தால் 139 வாட். டயர் உருளும் தடைக்கு 14, காற்றுக்கு 5, செயினில் போவது 4 அல்லது 5. எல்லாம் சேர்த்து 160 வாட்டைக் கொஞ்சம் தாண்டும். சமதளத்தில் வேகமாகப் போனால் காற்றே பெரும்பங்கைத் தின்றுவிடும். மலையிலோ உழைப்பெல்லாம் எடையைத் தூக்கத்தான். ஆகவே பவர் மீட்டர் வாங்க வசதியில்லாதவருக்கும் ஒரு கடிகாரமும் சரியான உயரக் கணக்கும் போதும்.

பிப்ரவரி 15, சனி

மணிக்கு 600 மீட்டர் உயரம் என்ற அதே உழைப்பு, 6 சதவீதச் சரிவில் 10 கி.மீ. வேகம் தரும், 10 சதவீதத்தில் 6 கி.மீ.தான். வேகம் குறைந்ததே என்று மிதித்துத் தள்ளுபவர்கள்தான் பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கியரும் முக்கியம். முன்னால் 34 பல், பின்னால் 28 என்றால் 10 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்கு 65 சுற்று மிதிக்க வேண்டும். பின்னால் 34 பல் மாட்டினால் 79 சுற்று. வாட் மாறாது, ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் தாங்கும் பளு குறையும். இன்று 34 மாட்டி ஏறினேன், நேரம் மாறவில்லை, முழங்காலில் வலியும் இல்லை. புதிதாக மலையேற வரும் தம்பிகளிடம் இனி முதலில் சொல்லப்போவது இதைத்தான்: வேகத்தைப் பார்க்காதீர்கள், மணிக்கு எத்தனை மீட்டர் உயரம் என்று பாருங்கள்.