ஜமீன்தார் திரும்பி வந்தார்

நம் வீட்டில் நான்கு வருஷ காலமாக ஒரு ஜமீன்தார் வாசம் செய்து வருகிறார். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-லேயே சென்னை ராஜதானியில் நிறைவேறிவிட்டதே, இப்போது ஏது ஜமீன்தார் என்று வாசகர்கள் திகைக்க வேண்டாம். அவர் ஒரு பூனை. சாம்பல் நிற மேனி, வெள்ளை மார்பு, வலது காதில் ஒரு சிறு கிழிசல். எலி பிடிப்பதைத் தம் அந்தஸ்துக்குக் குறைவான காரியமாகவே அவர் கருதி வந்தார். வீட்டிலுள்ள ஒரே சாய்வு நாற்காலி அவருடையது. நாம் பள்ளிக்கூடத்திலிருந்து களைத்து வந்து எதிரில் நின்றால், ஒரு கண்ணை மட்டும் திறந்து, 'மனு என்ன?' என்று கேட்பது போல் பார்ப்பார். ஆகவே நம் பையன் சூட்டிய பெயர் நிலைத்துவிட்டது.

2024-ஆம் வருஷம் ஆனி மாதக் கடைசியில் அவர்மீது மூன்று குற்றங்கள் சுமத்தப்பட்டன. தயிருக்கு உறை குத்தி வைத்திருந்த பாலில் வாய் வைத்தது ஒன்று. பூஜை மாடத்தின் முன் பாதிப் பல்லியை நைவேத்தியமாகக் கொண்டு வந்து வைத்தது இரண்டு. இவ்விரண்டுக்கும் நம் தாயார் வாதி. மூன்றாவது, நாம் இராக் கண்விழித்துத் திருத்தி முடித்திருந்த விடைத்தாள் கட்டின்மேல் செய்யத் தகாததைச் செய்தது. இதற்கு நாமே வாதி, நாமே சாட்சி, நாமே நீதிபதி. இப்படிப்பட்ட வழக்கில் தீர்ப்பு எப்படி இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

"கோணியில் போட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடுங்கள், சார். தண்ணீரைத் தாண்டிப் பூனை வராது" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் யோசனை சொன்னார். நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் வைத்தியம் இது. கொன்ற பாவமும் இல்லை, வளர்க்கிற தொல்லையும் இல்லை.

ஆடி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, பையன் மாமா வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, ஜமீன்தாரை அரிசிக் கோணியில் இட்டு வாயைக் கட்டி, ஸ்கூட்டரின் முன்புறத்தில் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு திருமுல்லைவாயிலிலிருந்து புறப்பட்டோம். சோஷலிஸ பாணிச் சமுதாயமே நம் லட்சியம் என்று 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை தீர்மானம் செய்த அதே ஆவடி வழியாக, ஒரு ஜமீன்தாரை நாடு கடத்திக்கொண்டு போகிறோம் என்று நமக்கே ஒரு வேடிக்கை தோன்றியது. பருத்திப்பட்டு ஏரி வரையில் அந்த வேடிக்கை உடன் வந்தது. அதற்கப்பால், கோணிக்குள்ளிருந்து கத்தல் நின்றுவிட்டது. மூச்சுவிடும் அசைவு மட்டும் நம் முழங்காலில் பட்டுக்கொண்டிருந்தது. காடுவெட்டியில் கூவத்தைக் கடந்து, கரையான்சாவடி தாண்டிப் பூந்தமல்லியையும் விட்டு, செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்கு அருகில் இறக்கினோம். சாலை வழியாகச் சுமார் 18 கிலோமீட்டர் இருக்கும்.

கட்டை அவிழ்த்ததும் அவர் பாய்ந்து ஓடுவார் என்று எதிர்பார்த்தோம். ஓடவில்லை. கோணியை விட்டு வெளியே வந்து, இரண்டடி தள்ளி உட்கார்ந்து, நம்மைப் பார்த்தார். வீட்டில் பார்க்கிற அதே பார்வை; ஆனால் இரண்டு கண்களும் திறந்திருந்தன. நாம் வண்டியைக் கிளப்பிவிட்டோம். கண்ணாடியில் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தோம். அவர் எழுந்திருக்கவில்லை.

மாலையில் பையன் வந்து கேட்டான். "காணாமற் போய்விட்டது" என்றோம். பத்து வயதுப் பையன். அப்பா சொன்னதை நம்பினான். இரவு முழுவதும் உட்கார்ந்து, கோடு போட்ட தாளில் வர்ணப் பென்சிலால் பூனையின் படம் எழுதி, கீழே விளம்பரமும் எழுதினான். 'கானவில்லை' என்று தலைப்பில் பிழை இருந்தது. நாமே சிவப்பு மையால் அதைத் திருத்திக் கொடுத்தோம். ரேஷன் கடைச் சுவரிலும் பால் பூத்திலும் அவற்றை ஒட்டுவதற்குப் பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே போனதும் நாம்தான். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்பித்து வருகிறோம்.

பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குப் பின் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. கர்நாடகத்தில் பெளகாவி ஜில்லா, நிப்பாணி தாலூகா, யமகர்ணி என்னும் கிராமம். அங்கே 'மகாராஜ்' என்று எல்லோரும் அழைக்கும் கறுப்பு நாய் ஒன்று. ஜூன் கடைசியில் அதன் எஜமானர் பண்டரிபுரத்துக்கு யாத்திரையாக நடந்தபோது அதுவும் கூடவே நடந்து, பஜனை கேட்டுக்கொண்டே க்ஷேத்திரம் வரையில் போயிற்று. விட்டலனைத் தரிசித்து வெளியே வந்த எஜமானர் கூட்டத்தில் நாயைத் தேடினார்; அகப்படவில்லை. வேறொரு கோஷ்டியுடன் போய்விட்டது என்று சிலர் சொல்லவே, மனம் நொந்து ஜூலை 14-ஆம் தேதி ஊர் திரும்பினார். மறு நாள் பார்த்தால் வாசலில் வாலையாட்டிக்கொண்டு மகாராஜ் நிற்கிறது! ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தனியாக வந்திருக்கிறது. ஊரார் அதற்கு மாலையிட்டு, விருந்து சமைத்து விழாக் கொண்டாடினார்கள்.

பையனைத் தேற்றலாம் என்று இதை உரக்கப் படித்துக் காட்டினோம். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"மகாராஜா இருநூற்றைம்பது கிலோமீட்டர் வந்தால், ஜமீன்தார் வரமாட்டாரா, அப்பா?"

நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. அது போதாதென்று பள்ளி நூல் நிலையத்தில் தேடி வேறு கதைகளையும் கொண்டு வந்து சேர்த்தோம். அமெரிக்காவில் பாபி என்ற நாய் 1923 ஆகஸ்டில் இந்தியானா மாகாணத்தில் எஜமானரைப் பிரிந்து, குளிர்கால மலைகளையும் பாலைகளையும் கடந்து, சுமார் 2,500 மைல் வந்து, 1924 பிப்ரவரியில் ஓரிகன் மாகாணத்துச் சில்வர்டன் ஊரிலுள்ள தன் வீட்டை அடைந்தது. பாதங்கள் தேய்ந்து போயிருந்தன. ஹாலி என்னும் பூனை 2012 நவம்பரில் புளோரிடாவின் டேடோனா கடற்கரையில் தொலைந்து, இரண்டு மாதம் கழித்துச் சுமார் 200 மைல் தெற்கே தன் சொந்த ஊரில், நிற்கவும் சக்தியில்லாமல் தென்பட்டது. ஒவ்வொரு கதையும் பையனுடைய நம்பிக்கையை வளர்த்தது. ஒவ்வொரு கதையும் நம் வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்தக் கதைகளில் எந்த எஜமானரும் கோணியுடன் புறப்பட்டவர் அல்லர்.

ஆகஸ்டு 13-ஆம் தேதி விடியற்காலை. இரண்டு நாளில் வர இருந்த சுதந்தர தினத்துக்காகப் பையனுடைய வெள்ளைச் சட்டைக்கு நம் மனைவி நீலம் போட்டுக்கொண்டிருந்தாள். கிணற்றடியிலிருந்து அவள் கூவிய கூவலில் அண்டை வீடுகளிலும் விளக்கு எரிந்தது. துவைக்கும் கல்லின்மேல் ஜமீன்தார் படுத்திருந்தார். பாதி உடம்புதான் மிச்சம். முன்னங்கால் ஒன்று வீங்கியிருந்தது. இடது காதும் கிழிந்திருந்தது. முதலில் ஓடியது யார் என்று நினைக்கிறீர்கள்? நம் தாயார். உறை குத்தாத பாலை, வெள்ளிக் கிண்ணத்தில்! "வந்துட்டியாடா, என் அப்பனே!" என்று அதன் எதிரில் தரையில் உட்கார்ந்து அழுதே விட்டாள்.

காடுகளைக் கடந்து வந்தது என்று எழுதினால் அம்பத்தூர், ஆவடிக்காரர்கள் சிரிப்பார்கள். திருமுல்லைவாயில், திருவேற்காடு, காடுவெட்டி என்று இந்தப் பக்கத்தில் முல்லையும் வேலும் காடும் ஊர்ப் பெயர்களில் மட்டுமே தங்கியிருக்கின்றன. ஆனால் ஒரு முழ உயரங்கூட இல்லாத ஜீவனுக்கு வேறென்ன காடு வேண்டும்? இரவு பகல் லாரி ஓயாத பெங்களூர் நெடுஞ்சாலை; அந்த வருஷம் பூந்தமல்லியில் மெட்ரோ ரயிலுக்காகத் தூண் எழும்பிக்கொண்டிருந்த வீதி; தெருவுக்குத் தெரு எல்லை காக்கும் நாய்க் கூட்டம்; ஆடித் திருவிழாவில் கருமாரியம்மனைக் காண வண்டி வண்டியாக வரும் ஜனங்கள்; நடுவில் கூவம். 23 நாட்கள்! எதைத் தின்றதோ, எங்கே ஒதுங்கியதோ!

பையன் அன்று பள்ளிக்குப் போகவில்லை. பூனையைத் திருடிக் கொண்டுபோனவனைக் கண்டுபிடித்துப் போலீஸில் கொடுக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "தானாக அது அவ்வளவு தூரம் போகாது, அப்பா. யாரோ கெட்டவன் கட்டித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். காலைப் பாருங்கள்" என்றான். சாயங்காலம் வரையில் பொறுத்துப் பார்த்தோம். பிறகு மாடிப்படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கெட்டவன் யார் என்பதைச் சொல்லிவிட்டோம்.

அவன் அழவில்லை. இரண்டு நாள் நம்மோடு பேசவும் இல்லை. கொடியேற்றி மிட்டாய் வாங்கி வந்த பிறகுதான், வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்: "கோணிக்குள் இருந்த பூனைக்கு வழி எப்படித் தெரிந்தது?"

நியாயமான கேள்வி. மகாராஜ் தன் காலால் நடந்துபோன பாதை அது. மோப்பமும் ஞாபகமும் திரும்பி வரத் துணை செய்திருக்கலாம். ஜமீன்தாரோ வழியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இதில் நம்மைப் போன்ற முன்னோடி ஒருவர் உண்டு. ஹெரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தம் பூனையைச் சாக்கில் போட்டு டிராம் வண்டியில் தம் ஆபீஸுக்குக் கொண்டுபோனார். அது தப்பி ஓடி வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆச்சரியப்பட்ட அவர், குட்டி போட்ட ஒரு தாய்ப்பூனையை மூடிய பெட்டியில் திசைக்கொன்றாகப் பல மைல் கொண்டுபோய் விட்டுப் பார்த்து, 1922-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். திரும்பத் திரும்ப அது குட்டிகளிடம் வந்து சேர்ந்தது. 1954-இல் ஜெர்மானியர் இருவர், மூடிய பெட்டிகளில் பூனைகளைச் சுற்றுவழியாகக் கொண்டுபோய்ப் பல வாசல்களுள்ள ஒரு புதிர்க்கூண்டில் விட்டார்கள். வீடு ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தபோது பெரும்பாலானவை வீட்டுத் திசை வாசலாகவே வெளிவந்தன. நாய்களைப் பற்றி 2020-இல் செக் நாட்டு விஞ்ஞானிகள் எழுதியது இன்னும் விசித்திரம். 27 வேட்டை நாய்களின் கழுத்தில் கருவி கட்டிக் காட்டில் விட்டதில், வந்த வழியே திரும்பாமல் புது வழி தேடிய நாய்கள் பல முதலில் வடக்குத் தெற்காகச் சுமார் 20 மீட்டர் ஓடிப் பார்த்துவிட்டு அப்புறந்தான் எஜமானர் இருக்கும் பக்கம் திரும்பினவாம். பூமியின் காந்த சக்தியை உணர்ந்து திசையைச் சரிபார்த்துக்கொள்கின்றன என்று அவர்கள் ஊகிக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் சொன்னோம். பையன் கவனமாகக் கேட்டான்.

ஆனால் நாம் சொல்லாத ஒன்று நம்மை உறுத்திக்கொண்டிருந்தது. திரும்பி வந்தவற்றின் கதைதான் பத்திரிகையில் வருகிறது. ஐந்து கிலோமீட்டருக்கும் பதினெட்டுக்கும் இடையில் நின்றுபோனவற்றுக்கு யார் மாலை போட்டார்கள்? வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை என்று அது விதித்தது. நாம் அன்று ஸ்கூட்டருக்குப் போட்ட பெட்ரோலுக்கு அதைவிட அதிகம் ஆயிற்று. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் விஷயமாக 2023-இல் வந்த விதிகளோ, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும் என்கின்றன. தெருநாய்க்கும் ஒரு விலாசம் உண்டு என்று சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் ஜமீன்தாருக்கு ரேஷன் கார்டில் பெயர் இல்லையே தவிர, நான்கு வருஷ விலாசம் இருந்தது.

அடுத்த ஞாயிறு பையன் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றான். மறுக்க நமக்கு என்ன முகம் இருக்கிறது? பழைய சோறும் கருவாடும் பொட்டலம் கட்டிக்கொண்டு இருவரும் போனோம். வண்டியை நிறுத்தியதும் புதருக்குள்ளிருந்து வெள்ளைப் பூனை ஒன்று ஓடி வந்தது. கழுத்தில் சிவப்புப் பட்டை. மணி அறுந்துபோன வளையம் மட்டும் இருந்தது. நாலடி தூரத்தில் நின்று நம் முகத்தைப் பார்த்தது. பிறகு பையன் முகத்தை. பிறகு திரும்பிப் போய்ப் புதரோரம் உட்கார்ந்துகொண்டது.

"எந்த வண்டி நின்னாலும் இப்படித்தான் வரும், சார்" என்றாள் எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மாள். "மூஞ்சியைப் பாத்துட்டுப் போயிடும். தீபாவளிக்கு முன்னேலேருந்து இங்கதான் கெடக்குது."

பையன் கையில் சோற்றை வைத்துக்கொண்டு வெகு நேரம் குந்தியிருந்தான். அது கிட்டே வரவில்லை. இலையில் வைத்து நகர்ந்த பிறகு வந்து தின்றது. மறுபடியும் வருவோம் என்று அதனிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான்.

திரும்பும்போது பூந்தமல்லி தாண்டியதும், "அப்பா, கண்ணை மூடிக்கொள்ளுகிறேன். எந்த இடம் என்று நீங்கள் சொல்லக் கூடாது" என்றான். நம் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை முதுகில் புதைத்துக்கொண்டான். கரையான்சாவடித் திருப்பத்தை ஆவடி என்றான். சென்னீர்குப்பத்தில் அவனுக்கு ஒன்றும் புலப்படவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனதும், ஈரச் சேற்றின் வாடை காற்றில் வந்தது.

"ஆறு" என்றான்.

காடுவெட்டிப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தோம்.