சிவப்புக் கட்டடத்தில் ஒரு பொன்விழா

கிண்டி பொறியியல் கல்லூரியின் சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால், எழுபதைத் தாண்டியவர்கள் ஒரே நிற டி-சர்ட்டில் வரிசைகட்டி நின்றிருந்தார்கள். முதுகில் '1974' என்று பெரிதாக அச்சு. படம் எடுக்க வந்த இளைஞர் "சார், கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று மன்றாடிக்கொண்டிருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை. ஐம்பது வருடம் கழித்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு "டேய், முடியெல்லாம் எங்கடா?" என்பதைக் கேட்டு முடிக்கவே நேரம் போதவில்லை.

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர் அந்த பேட்ச்காரர். "வாங்க சார், எழுத ஏதாவது கிடைக்கும்" என்று கூட்டிவந்திருந்தார். பி.யூ.சி. முடித்து ஐந்து வருடப் படிப்பு அவர்களுடையது. சான்றிதழில் இருப்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர். அண்ணா பல்கலைக்கழகம் உருவானது 1978-ல்தான். ஆனாலும் வாசலில் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்து யாரும் அந்நியமாக உணர்ந்ததாகத் தெரியவில்லை. 1794-ல் கோட்டைக்குப் பக்கத்தில் எட்டு மாணவர்களோடு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, ஊருக்குள் இடம் மாறி மாறி, 1920-ல் இங்கே வந்து சேர்ந்த கல்லூரி இது. பெயர் மாறுவது அதற்குப் பழகிப்போன விஷயம்.

உள்ளே அரங்கில் பொன்னாடை, குத்துவிளக்கு, வரவேற்புரை. அவற்றைத் தாண்டிவிடலாம். மறைந்த நண்பர்களின் பெயர்களை ஒருவர் துறைவாரியாக வாசித்தார். பட்டியல் நீளமாகத்தான் இருந்தது. பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் படங்களை ஓட்டினார்கள். தலைப்பு: 'கிண்டியின் பெருமைகள்'. நான் நோட்டை எடுத்தது அப்போதுதான்.

முதல் படம் வர்கீஸ் குரியன். 1943-ல் இங்கே மெக்கானிக்கல் முடித்தவர். அரசு உதவித்தொகையில் அமெரிக்காவில் பால்பண்ணைப் பொறியியல் படிக்க அனுப்பினார்கள். அவர் மனம் போனதோ உலோகம், இயந்திரம் பக்கம். திரும்பி வந்தவரை ஒப்பந்தக் கடனுக்காக 1949-ல் குஜராத்தின் ஆனந்துக்கு அனுப்பினார்கள். எப்போது கிளம்பலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவர் அங்கேயே வாழ்நாளைக் கழித்தார். எருமைப்பாலில் பால்பவுடர் செய்ய முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னதை, நண்பர் தலாயாவின் தொழில்நுட்பத்தை நம்பிப் பொய்யாக்கிக் காட்டினார். 1963-ல் மகசேசே விருது, 1989-ல் உலக உணவுப் பரிசு, 1999-ல் பத்ம விபூஷண். பட்டம் வாங்கி நாற்பத்தாறு வருடம் கழித்து வந்த உலகப் பரிசு மெக்கானிக்கலுக்கு அல்ல, பாலுக்கு. தனக்குப் பால் பிடிக்காது, குடிப்பதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அடுத்தது ராஜ் ரெட்டி. சித்தூர் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்து 1958-ல் இங்கே சிவில் முடித்தவர். மேற்படிப்புக்கு ஆஸ்திரேலியா போன இடத்தில் கணினி கண்ணில் பட்டது. சிவில் அத்தோடு சரி. ஸ்டான்ஃபோர்டில் ஜான் மெக்கார்த்தியிடம் ஆய்வு, பிறகு கார்னகி மெலன். மனிதப் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கும் வேலையை, அது நடக்கும் என்று பலர் நம்பாத காலத்திலேயே கையில் எடுத்தார். 1994-ல் டூரிங் விருது, கணினித் துறைக்கு அதைவிடப் பெரிய விருது கிடையாது. "சிவில் டிபார்ட்மென்ட்டுக்குக் கிடைச்ச டூரிங்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அரங்கம் சிரித்தது.

அதற்கு மேல் கிரிக்கெட். வெங்கட்ராகவனின் படம் வந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1965-ல், பத்தொன்பது வயதில், டெல்லியில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் பன்னிரண்டு விக்கெட். 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்தியாவுக்குத் தலைவர். ஆடியது 57 டெஸ்ட். நடுவராக நின்றது 73. 2003-ல் பத்மஸ்ரீ. ஸ்ரீகாந்த் வந்தபோது கைதட்டல் ஓயவில்லை. எலக்ட்ரிகல் படித்தவர். 1983 இறுதியாட்டத்தில் அவர் எடுத்த 38 ரன்தான் அன்றைக்கு இரு அணியிலும் அதிகம் என்று பக்கத்து இருக்கைக்காரர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். ஆண்டி ராபர்ட்ஸை அவர் ஒற்றைக்கால் மண்டியிட்டு எல்லைக்கு விரட்டியதையும் நடித்துக் காட்ட முயன்றார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

அதுவரை ஓடியதைக் கூட்டிப் பார்த்தேன். பால், கணினி, கிரிக்கெட். கல்லூரி சொல்லிக்கொடுத்ததற்கும் உலகம் மாலை போட்டதற்கும் சம்பந்தம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கே.எல். ராவ் மாதிரி விதிவிலக்கு உண்டு. சிவில் படித்து, அணை வடிவமைத்து, நாகார்ஜுன சாகரில் பெயர் பதித்து, 1963-ல் பத்மபூஷண் வாங்கி, மத்திய நீர்ப்பாசன அமைச்சராகவும் ஆனவர். அவர் படம் சட்டென்று போய்விட்டது. கைதட்டலும் சுமார்தான்.

அதைவிடச் சீக்கிரம் போன படம் ஒன்று. 'அ. லலிதா, முதல் பெண் பொறியாளர்' என்று ஒரு வரி, அவ்வளவே. குரியன் இந்தத் தாழ்வாரங்களில் நடந்த அதே வருடங்களில் இவரும் நடந்திருக்கிறார். பதினைந்தில் கல்யாணம், பதினெட்டில் கணவர் மரணம், கையில் நான்கு மாதக் குழந்தை. அப்பா பப்பு சுப்பாராவ் இந்தக் கல்லூரியிலேயே எலக்ட்ரிகல் பேராசிரியர். முதல்வர் சாக்கோவிடம் பேசி மகளைச் சேர்த்தார். விடுதியில் தனியாக இருந்தவருக்குத் துணையாக அடுத்த வருடம் லீலாம்மா ஜார்ஜ், பி.கே. த்ரேசியா என்று இருவர் சிவிலில் சேர்ந்தார்கள். மூவருக்கும் சான்றிதழ் கொடுக்கும்போது, ஆண்களுக்கென்றே அச்சடித்த தாளில் பேனாவால் அடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

இந்தக் கதையை மேடைகளில் சொல்வார்கள். சான்றிதழோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்குப் பிறகு லலிதா என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கல்கத்தாவில் ஏ.ஈ.ஐ. நிறுவனத்தில் மின்தொடர்களும் துணைமின் நிலையங்களும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் மின்னாக்கிகளுக்கான வேலையிலும் பங்கெடுத்தார். 1964-ல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் முதல் பன்னாட்டு மாநாடு நடந்தபோது சொந்த முறையில் போய்க் கலந்துகொண்டார். 1966-ல் லண்டன் மின் பொறியாளர் கழகம் முழு உறுப்பினராக ஏற்றது. படித்ததை முப்பது வருடத்துக்கு மேல் அப்படியே செய்து ஓய்வுபெற்று, 1979-ல் அறுபது வயதில் காலமானார். த்ரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். படித்த தொழிலை விட்டு விலகாதவர்களுக்குத் திரையில் ஒரு வரிதான் ஒதுக்குகிறோம் என்று தோன்றியது. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் மின்வாரியம், பொதுப்பணித்துறை, நெடுஞ்சாலை. அவர்கள் போட்ட பாலத்தில்தான் நான் அன்றைக்கு வந்திருப்பேன்.

சாப்பாட்டு மேஜையில் வேறு பேச்சு. பேட்ச் சார்பில் பணம் திரட்டி மாணவர்களுக்கு ஒரு உதவித்தொகை வைக்கப்போகிறார்களாம். யார் பெயரில் என்பதில்தான் இழுபறி. குரியன் என்றார் ஒருவர், ராஜ் ரெட்டி என்றார் இன்னொருவர். லலிதா பெயரில் வைக்கலாமே என்று நான் மெல்ல எடுத்துவிட்டேன்.

எங்கள் தெருக்காரர் கரண்டியை இலையில் வைத்தார். "எனக்குச் சம்மதம். ஆனா அவங்க எலக்ட்ரிகல். சிவில்காரன் ஒத்துக்க மாட்டான் சார்."

"த்ரேசியா சிவில்தானே? ரெண்டு பேர் பேரையும் சேர்த்து வைங்க" என்றார் அவர் மனைவி, மோர் ஊற்றிக்கொண்டே.

"அப்ப மெக்கானிக்கல்?"

"அவங்களுக்குத்தான் குரியன் இருக்காரே. பாலைக் குடிக்கச் சொல்லுங்க."