விசையும் எழுத்தும்

பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற பெரிய காஞ்சிபுரத்தில் பிறந்தார்க்குப் பாவு பிணைத்தல் புதிய காட்சியன்று. தறியில் ஒரு பாவு நெய்து முடியுந் தறுவாயில், அதன் இழை நுனி ஒவ்வொன்றோடும் புதிய பாவின் இழை நுனியை முறையே திரித்துச் சேர்ப்பர். இழையொன்று முறைமாறிச் சேர்ந்துவிடின் நெசவு கெடும். அப்பொழுது தறியும் பழுதன்று, பட்டும் பழுதன்று, பிணைப்பே பழுது. கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்தபின் விசைப்பலகையில் தோன்றும் குழப்பமும் பெரும்பாலும் இத்தகையதே.

விசையை அழுத்துங்கால் கணினிக்குச் செல்வது எழுத்தன்று. அவ்விசைக்குரிய ஓர் எண்ணேயாம். அவ்வெண்ணை இன்ன எழுத்தோடு பிணைப்பது இயங்குதளத்திலுள்ள விசையமைப்பு. தமிழுக்கு அவ்வமைப்புகள் பல உள. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா 1930களில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஆக்கிய காலந்தொட்டு வளர்ந்தது தட்டச்சு முறை. சென்னையில் 1999இல் நடைபெற்ற தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றது தமிழ்99. இந்திய மொழிகட்கெல்லாம் பொதுவாக அமைந்தது இன்ஸ்கிரிப்ட். ஆங்கில ‘எஃப்’ பொறித்த விசையொன்றையே நோக்குக. தட்டச்சு முறையில் அது ககரம். தமிழ்99இல் மெய்யெழுத்தின் புள்ளி. இன்ஸ்கிரிப்டிலோ இகரக் குறி.

என் அத்தையார் தட்டச்சில் முதுநிலைத் தேர்வு பெற்றவர். முப்பது ஆண்டுகளாக நெசவாளர் முதலியோர்க்கு மனுக்கள் அடித்துக் கொடுத்து அவ்வருவாயில் வாழ்பவர். விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றமையின், அவர்தம் கணினி விண்டோஸ் 11க்கு மாற்றப்பெற்றது. மறுநாள், முதியோர் ஓய்வூதியம் வேண்டி வந்த நெசவாளர் ஒருவர்க்கு மனு அடிக்கப் புகுந்தார். ககரம் வேண்டி அழுத்திய விசையில், புள்ளி வட்டமொன்றைப் பற்றிய இகரக் குறி தோன்றிற்று. பிற விசைகளும் அவ்வாறே பிறழ்ந்தன. அருகிருந்த ஒருவர் புதிய விசைப்பலகை வாங்குமாறு கூறினார். அத்தையாரோ, “என் விரல்களுக்கு வயதாகிவிட்டது, தம்பி, இனி இத்தொழில் எனக்காகாது” என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள் என்பது பழமொழி. ஈண்டோ, கூடம் கோணலாகியிருப்ப, ஆடவல்லவர் தம் காலையே பழித்துக்கொண்டார்.

யான் முதலில் மொழியை ஆங்கிலமாக மாற்றி விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். பொறித்த எழுத்தே திரையிலும் வந்தது. ஆதலின் பலகை நலமென்று தெளிந்தேன். பின்னர், அமைப்புகளில் மொழிப் பகுதியைத் திறந்து நோக்கினேன். அத்தையார் கையாண்ட பழைய தட்டச்சு மென்பொருள் புதிய தளத்தில் இயங்காதொழிந்தது. தமிழ் என்னும் பெயரில் அவ்விடத்தில் நின்றது இன்ஸ்கிரிப்ட். புதிய தளத்துக்கு ஏற்ற மென்பொருளை நிறுவித் தட்டச்சு முறையைத் தேர்ந்தேன். விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் ஒருங்கே அழுந்தினால் அமைப்பு மாறிவிடுமாகலின், வேண்டாத அமைப்பைப் பட்டியலினின்றும் நீக்கினேன்.

இன்னும் ஒரு சோதனை எஞ்சியிருந்தது. தட்டச்சுப் பொறியில் பழகியோர் ‘பெ’ என்பதற்குக் கொம்பை முன்னும் பகரத்தைப் பின்னும் அடிப்பர். யூனிகோடு முறையோ பகரத்தை முன்வைத்துக் கொம்பைப் பின்வைக்கும். இவ்வரிசையை மாற்றித் தருவதும் மென்பொருளின் கடன். ‘பெயர்’ என்று அடிக்குமாறு வேண்டினேன். அத்தையார் திரையை நோக்காமலே அடித்தார். சொல் பிழையின்றி வந்தது. அன்று மாலைக்குள் மனு அச்சாகி, நெசவாளரின் கையொப்பமும் பெற்றது.

இயங்குதளத்தைப் புதுப்பிக்குமுன் தாம் கையாளும் விசையமைப்பின் பெயரைக் குறித்துவைத்தலும், அதற்குரிய மென்பொருள் புதிய தளத்தில் இயங்குமா என்று அறிந்துகொள்ளலும் யாவர்க்கும் நன்று. நம் கல்லூரி மாணவர் பலர் தம் வீட்டு முதியோர்க்குக் கணினியைப் புதுப்பித்துக் கொடுக்கின்றனர். அவர்கள் தமக்கு எளிய முறையை முதியோர்மேற் சுமத்தலாகாது. முதியோர் விரல் அறிந்த முறையை மீள அமைத்து, ஒரு வரியேனும் அவரை அடிக்கச் செய்து, அது செவ்வையாக வரக் கண்ட பின்னரே இருக்கைவிட்டு எழுதல் வேண்டும்.