பூட்டுச் செய்த கை

“ஹாபிழுக்கு எதற்கு மக்களே திருப்புளி?” என்று 2004-ஆம் ஆண்டில் என் மாணவன் ஒருவனிடம் கேட்டேன். அவனுக்கு அப்போது வயது 16. முப்பது ஜுஸ்உவும் மனனம் செய்து முடித்திருந்தான். பள்ளிக்கூடப் படிப்போ எட்டாம் வகுப்போடு நின்றிருந்தது. கோணத்திலுள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் வயர்மேன் படிப்பில் சேர அவனுக்கு ஆசை. எட்டாம் வகுப்புத் தேறியவர்க்கும் இடமுள்ள படிப்பு அது. “உஸ்தாதிடம் ஒரு வார்த்தை கேட்டு வா” என்று அவனுடைய வாப்பா அனுப்பியிருந்தார். நான் சொன்ன வார்த்தை மேலே எழுதியதுதான். அவன் தலைகுனிந்து ஸலாம் சொல்லிப் போனான். ஒரு ஹாபிழைக் காப்பாற்றிவிட்டதாக அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.

பின்னர் அவர் வளைகுடா சென்றார். சில ஆண்டுகள் கடையில் மூட்டை சுமந்தார். அதன்பின் குளிர்சாதன மெக்கானிக் ஒருவருக்கு எடுபிடியாக இருந்தார். தொழில் கைக்கு வந்துவிட்டது, காகிதம் வரவில்லை. சான்றிதழ் இல்லாததால் விசாவில் கடைசிவரை ‘உதவியாள்’ என்றே இருந்தது. அவர் கற்றுக்கொடுத்த இளைஞர்கள் சான்றிதழோடு வந்து அவருக்கு மேலாளரானார்கள். 2021-இல் ஊர் திரும்பியபோது தாடியில் நரை விழத் தொடங்கியிருந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி எழுத்தறிவில் தமிழகத்தின் முதல் மாவட்டம் நம் குமரி, நூற்றுக்கு 91.75 பேர். இந்தப் பெருமையை மேடைதோறும் சொல்கிறோம். எழுத்தறிந்தும் தகுதித்தாள் இல்லாதவர் நம் தெருக்களில் எத்தனை பேர் என்பதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

இத்தகையோருக்காகவே அமைந்தது சமுதாயக் கல்லூரி. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-இல் அரும்பிய இந்த ஏற்பாடு, நம் நாட்டில் 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் தொடங்கியது. மறு ஆண்டே சென்னையிலும் ஒன்று தோன்றியது. அதை முன்னின்று நடத்தியவர் சேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ். பள்ளியை இடையில் விட்டவருக்கும், வயது கடந்தவருக்கும், அடுப்படியை விட்டு நெடுந்தூரம் போக முடியாத பெண்களுக்கும் வீட்டருகே குறைந்த செலவில் ஒரு தொழிலைக் கற்பிப்பது அதன் நோக்கம். முதலில் வாழ்க்கைத் திறன், அடுத்துத் தொழில் திறன், பின்னர் பணிமனையில் நேரடிப் பயிற்சி என்று பாடம் செல்லும். பிற்காலத்தில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இவற்றுக்கு அங்கீகாரம் தந்தது. 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழு தனித் திட்டமே வகுத்தது.

இதை ஒரு பாதிரியார் சிந்தித்தாரே, நாம் ஏன் சிந்திக்கவில்லை என்று நான் நாணியதுண்டு. சிந்திப்பதற்கு நம்மிடம் நூல் இல்லாமலில்லை. மருத்துவமும் கணக்கும் மட்டுமன்றி உழவும் நெசவும் தையலும் கூடப் பர்ளு கிபாயா என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவின் இல்முப் பகுதியிலேயே எழுதி வைத்தார். ஊரில் ஒருவரும் அவற்றை அறியாதிருந்தால் ஊரார் அனைவரும் குற்றவாளிகள் என்பது அதன் பொருள். பிக்ஹுப் படிப்புக்கு மக்கள் முண்டியடிக்க, முஸ்லிம் மருத்துவர் இல்லாத ஊர்கள் பல இருந்ததை அவர் கடிந்திருக்கிறார். அந்தப் பக்கத்தை நான் எத்தனையோ முறை ஓதிக் கொடுத்திருக்கிறேன். ஓதிக் கொடுத்த அதே வாயால்தான் அந்தப் பையனிடம் அப்படிக் கேட்டேன்!

ஷாபிஈ பிக்ஹு நூல்களில் இமாம் கப்பால் மர்வஸீ (ரஹ்) பெயர் அடிக்கடி வரும். கப்பால் என்றால் பூட்டுச் செய்பவர். சாவியோடு சேர்த்துச் சில தானிய மணிகளின் எடையே கொண்ட பூட்டைச் செய்த கைகாரர் அவர். முப்பது வயதுவரை அதுவே தொழில். அதன் பிறகே கிதாபைத் திறந்தார். ஹிஜ்ரி 417-இல் மறைந்தபோது குராஸான் ஷாபிஈ உலமாக்களின் தலைவராக விளங்கினார். பட்டறையிலிருந்து மத்ரஸாவுக்கு முப்பது வயதில் வரலாமென்றால், மத்ரஸாவிலிருந்து பட்டறைக்கு ஏன் போகலாகாது? தக்கலை பீர்முகம்மது அப்பாவும் தறியில் அமர்ந்து உண்டவர் என்பதே நம் மரபு. ஞானப்புகழ்ச்சியை இரவெல்லாம் பாடும் நாம் அந்தத் தறியை மறந்துவிட்டோம்.

அவர் என்னிடம் இம்முறை யோசனை கேட்கவில்லை. நாகர்கோவிலை அடுத்த ஒரு சமுதாயக் கல்லூரியில் குளிர்சாதனப் பழுதுபார்ப்புப் படிப்பில் சேர்ந்துவிட்டே வந்து சொன்னார். வயது 34. உடன் படித்தோர் பலர் இருபது தாண்டாதவர்கள். முதல் வாரம் ஆசிரியர் என்று எண்ணி எழுந்து நின்றார்களாம்.

“புதிதாக என்ன கற்றீர்கள்? எல்லாம் தெரிந்த வேலைதானே?” என்றேன்.

“கைக்குத் தெரியும் உஸ்தாதே. காரணம் தெரியாது. குழாயில் வாயு ஏற்றுமுன் உள்ளிருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்ச வேண்டும். அங்கே அவசரத்தில் விட்டுவிடுவோம். உள்ளே தங்கும் ஈரம் எந்திரத்தை அரிக்கும் என்று இங்கேதான் அறிந்தேன். இப்போது வரும் ஆர்-32 வாயு சற்றே தீப்பற்றும் இயல்புடையது. அது தெரியாமலே பக்கத்தில் நெருப்பு வைத்துப் பற்றவைத்திருக்கிறேன், அல்லாஹ் காத்தான்.”

எனக்கு உடனே தஜ்வீது நினைவுக்கு வந்தது. கேட்டுக் கேட்டுத் திருத்தமாக ஓதும் பிள்ளைகள் உண்டு. இத்காம், இக்லாப் என்று சட்டத்தைக் கற்ற பின்னரே தம் பிழை எங்கே என்பது அவர்களுக்கே விளங்கும். பிறருக்குக் கற்பிக்கவும் அப்போதே இயலும். அவர் இப்போது தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புக்கும் விண்ணப்பித்திருக்கிறார்.

சென்ற மாதம் எங்கள் பள்ளிவாசலின் குளிர்சாதன எந்திரம் பழுதுபட்டது. அவரே வந்தார். காலை மத்ரஸா முடிந்து, மாலைவரை பூட்டிக்கிடக்கும் வகுப்பறைகளைத் தாண்டிக் கொல்லைப்புறம் போனோம். வெளிப்பெட்டி உயரே மதிலில் இருந்தது. “அன்று நான் சொன்னது தவறு” என்றேன். பல நாள் தொண்டையில் நின்ற சொல் அது.

அவர் பதில் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, ஏணியைச் சாய்த்து, திருப்புளியை இடுப்பில் செருகினார்.

“அடியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் உஸ்தாதே” என்றார். பிடித்துக்கொண்டேன்.