குழாய்த் தொழிலாளி டாம் ஃபின்னி

இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் 1922-இல் பிறந்த டாம் ஃபின்னி, தம் நாட்டுக்காக 76 கால்பந்துப் பந்தயங்களில் ஆடி 30 கோல்கள் போட்டவர். ஆயினும், தந்தையார் சொற்படி இளமையில் கற்ற தண்ணீர்க்குழாய்த் தொழிலை அவர் கைவிடவில்லை. விடுவது அறிவுடைமையும் அன்று. எத்துணை வல்லவராயினும் ஊதியத்துக்கு அங்கே வரம்பு கட்டியிருந்தார்கள். 1952-இல் அது வாரத்துக்கு 14 பவுன். அவ்வாண்டுதான் இத்தாலியின் பலேர்மோ கழகம் 10,000 பவுன் முன்பணமும் வசிக்க மாளிகையும் தருவதாக அவரை அழைத்தது. பிரெஸ்டன் கழகம் விட மறுத்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் ஆட்டக்காரரைப் பிடித்து வைக்கும் உரிமை கழகங்களுக்கு இருந்த காலம் அது. இதனை விசுவாசம் என்று புகழ்வோர் உண்டு. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த மார்க்கத்தைச் சார்ந்த நமக்கு அப்புகழ்ச்சி சற்றுக் கசக்கவே செய்யும். 1960-இல் ஃபின்னி ஓய்வு பெற்றார். ஊதிய வரம்பு நீங்கியது 1961-இல்.